பக்கத்து சீட்டில் ஒரு மூட்டை மணல்

மார்ச் 4

டீச்சருக்கு,

பதினோரு மாதம் கழித்துப் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறவன் முதல் வரியில் என்ன எழுதுவான் என்று மூன்று நாளாக யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. உன் அக்கா வீட்டுக்கு ஃபோன் பண்ணலாம் என்றால், அத்தான் எடுத்து "யாரு?" என்று கேட்கிற தோரணையில் எனக்கு என் பேரே மறந்துபோகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

போன வாரம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனேன். அங்கே ஒரு அம்மா, "இதுல ஏறினாலே எனக்கு வயித்தைப் பிரட்டுதுங்க, நான் படியிலயே போயிடறேன்" என்றார். அந்த அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறிப் பார்த்தேன். கூண்டு ஏறி இறங்குகிற தண்டவாளத்தில் ஐந்தாவது மாடிக்கு மேலே அரை விரல் ஆட்டம். இறுக்கிவிட்டேன். மறுநாள் அந்த அம்மா காய்கறிப் பையோடு ஜம்மென்று ஏழாவது மாடிக்குப் போனார்.

எனக்கு அங்கேயே பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நம் காரில் உனக்கும் இதுதானே? வளைவு வந்தாலே கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாய். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தாய். நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, "வாயுதான், நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று சொன்னேன். தப்பு, டீச்சர். உன் வயிறும் இல்லை, சாப்பாடும் இல்லை. கார்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர்தான், இருபது வருடத்து ஸ்பிரிங்கில் அது குதிகால் செருப்பு போட்டவள் மாதிரி நிற்கிறது. வளைவில் சாயாமல் என்ன செய்யும்?

ஆகவே காரைத் தாழ்த்தப் போகிறேன். ஒன்றரை அங்குலம். உடம்பு தரையை ஒட்டி ஓடினால் சாய்வு குறையும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், அவன் சொன்னதற்கு இன்னொரு காரே வாங்கலாம். அதனால் வீட்டு ஷெட்டிலேயே, கம்மிச் செலவில். உனக்கு நம் தெருமுனை மெக்கானிக் சைலன்சரைத் தெரியுமே, வாயை மூடாததால் அந்தப் பேர் வைத்தாயே, அவன், "ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிடு, அஞ்சு நிமிஷ வேலை" என்கிறான். நான் வெட்டமாட்டேன். வெட்டிய ஸ்பிரிங் இடம்விட்டு நழுவும். பழைய இரும்புக் கடையில் இதே மாடல் கார் ஒன்று முகம் நசுங்கிக் கிடக்கிறது. அதற்கு எவனோ ஒரு புண்ணியவான் குட்டை ஸ்பிரிங் போட்டிருக்கிறான். அதைக் கழற்றி வந்தாயிற்று.

உன்னிடம் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உன் எடை எவ்வளவு? லிஃப்ட்டை வெறுமனே ஓட்டிப் பார்த்து 'சரி' என்று எழுதிக் கொடுப்பவன் அயோக்கியன். எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரின் எடையை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். காருக்கும் அதே நியாயம். உன் எடைக்கு மணல் மூட்டை கட்டி உன் சீட்டில் வைக்க வேண்டும்.

உடனே பதில் போடு.

லிஃப்ட்

—

மார்ச் 15

மதிப்பிற்குரிய லிஃப்ட்டுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எப்படி இருக்கிறாய்" என்ற வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எடை எவ்வளவு என்று இருந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, பிறகு அழுதாள். அவள் எதற்கும் அழுவாள், அதை விடுங்கள்.

அத்தானின் பழைய டைப்ரைட்டரில் அடிக்கிறேன். 'ழ' மட்டும் ஒரு படி கீழே விழுகிறது, என் தப்பு இல்லை. இங்கே எனக்கு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பல் ஆஸ்பத்திரி. வாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டாளாம். பிள்ளைகளில் இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். கட்டின புருஷனுக்கு அது பதினோரு மாதம் தோன்றவில்லை.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கண்டுபிடித்தது இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வயிறு இன்னும் வலிக்கிறது என்றேன். அப்போது ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று உங்களுக்கு அழைப்பு வந்தது. "பஸ் ஸ்டாப்ல இறக்கிவிடறேன், வீட்டுக்குப் போய்ப் படு, வந்துடறேன்" என்றீர்கள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. காலியாகத்தான் வந்தது. ஏறவில்லை. எல்லார் லிஃப்ட்டும் நின்றால் ஓடுகிற மனிதர், நான் நின்றால் பஸ் ஸ்டாப்பில் விடுகிறாரே என்று தோன்றியது. ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கத்துப் பஸ் அக்கா ஊருக்கு வந்தது. அவ்வளவுதான் கதை. இதில் எந்த ஸ்பிரிங்கும் இல்லை.

உங்கள் சின்ன வீட்டுக்கு, அதாவது அந்தக் காருக்கு, என் விசாரிப்பைச் சொல்லுங்கள். எடை ஐம்பத்தாறு என்று போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அதுதான்.

ஷெட்டில் வேலை செய்யும்போது கண்ணாடி போடுங்கள். போன தடவை கண்ணில் தூள் விழுந்து எத்தனை நாள் அவதிப்பட்டீர்கள்.

டீச்சர்

—

மார்ச் 29

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு அந்த லிஃப்ட்டுக்குள் ஸ்ட்ரெச்சரோடு ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் சாக்கு சொல்கிறேன் என்பாய். சரிதான், சாக்குதான்.

எப்படி இருக்கிறாய்? இதோ, கேட்டுவிட்டேன். சாப்பிடுகிறாயா? மாடி அறை என்றால் படி ஏறி இறங்க முழங்கால் வலிக்கவில்லையா?

இனி கார். முன்பக்கம் முடிந்தது. சைலன்சரிடம் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவியை இரவல் வாங்கினேன். அமுக்கிய ஸ்பிரிங் கை நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும், அதனால் இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். பழைய ஸ்பிரிங் நான்கையும் எண்ணெய் தடவி ஷெட் சுவரில் தொங்கவிடப் போகிறேன். எதையும் தூக்கிப் போடாதவன் என்று திட்டுவாயே, அதேதான்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கார் ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே அடியில் இருக்கிற போல்ட்டுகளையெல்லாம் இறுக்கிவிட்டேன். சைலன்சர் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "சக்கரம் அந்தரத்துல தொங்கறப்ப இறுக்கினா உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கும்யா. வண்டி கீழ நின்னு, பாரம் ஏறின பிறகுதான் இறுக்கணும். லிஃப்ட்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?" மறுபடி தளர்த்தி, காரை இறக்கி வைத்து இறுக்கினேன். ஒரு பக்கத்து ரப்பர் கொஞ்சம் முறுகித்தான் இருந்தது. தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

பாரம் ஏற்ற, என் எடைக்கு எழுபத்திரண்டு கிலோ மூட்டை ஒன்றும், உன் எடைக்கு ஐம்பத்தாறு கிலோ மூட்டை ஒன்றும் கட்டி இரண்டு சீட்டிலும் வைத்தேன். நான் அடியில் படுத்து வேலை முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் நாம் இருவரும் மேலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சண்டை இல்லை.

லிஃப்ட்

—

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

டைப்ரைட்டரில் ரிப்பன் தீர்ந்துவிட்டது. அதனால் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், டீச்சருடைய எழுத்தா இது என்று சொல்லாதீர்கள்.

இரண்டு மூட்டையும் சண்டை போடாமல் இருந்ததற்குக் காரணம், அதில் ஒன்று "வயிறு வலிக்குது" என்று சொல்லாததுதான். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியைப் படித்து நிஜமாகவே சிரித்தேன். இப்போதெல்லாம் சிரித்தால் கொஞ்சம் வலிக்கிறது, அதனால் அளவாக எழுதுங்கள்.

நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

டீச்சர்

—

மே 6

அன்புள்ள டீச்சருக்கு,

பதில் தாமதம். திட்டு. பின்பக்கத்து ஸ்பிரிங் ஒன்று துருப்பிடித்துக் கல்லாகி இருந்தது, அதைக் கழற்றவே இரண்டு வாரம் போய்விட்டது. இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். அதில் ரிப்பன் இரண்டு. அத்தானின் மெஷினுக்குப் பொருந்துவதாகப் பார்த்து, கடைகடையாய் ஏறி இறங்கி வாங்கினேன். கையால் எழுதிக் கஷ்டப்படாதே, எழுத்து ரொம்ப நடுங்கியிருக்கிறது. 'ழ'வை ஒரு நாள் வந்து நானே சரி பண்ணித் தருகிறேன்.

வேலை முடிந்தது! வந்து பார். தெருவில் போகிறவன் நின்று பார்க்கிறான். அவ்வளவு அழகாகப் பதுங்கி நிற்கிறது. ஆனால் சிரிக்காமல் கேள். வேலையெல்லாம் முடித்து, துடைத்து, கேட்டைத் திறந்து வெளியே எடுக்கிறேன், 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கேட் வாசலில் நான் போட்ட சிமென்ட் சரிவு இருக்கிறதே, அதில் காரின் வயிறு தட்டுகிறது. ஒன்றரை அங்குலத்தை அளந்தவன் வீட்டு வாசலை அளக்கவில்லை. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சைலன்சர் அரை மணி நேரம் சிரித்தான், பிறகு கடப்பாரையை எடுத்து வந்தான். வாசலை உடைத்துத்தான் காரை வெளியே எடுத்தோம். இப்போது வாசலில் பள்ளம். மழை வந்தால் குளம்.

மூட்டையை உன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, ஏரிக்கரை ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். நீ வாந்தி எடுத்த அதே வளைவு. அதே வேகம். திரும்பிப் பார்த்தேன், மூட்டை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிஜமாக. உனக்கு இனி வயிறு பிரட்டாது. கொஞ்சம் குலுக்கல் உண்டு, ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது, பள்ளம் வந்தால் முதுகில் தெரியும். ஆனால் சாய்வு இல்லை.

வீட்டுக்கு வந்துவிடு. நான் வந்து கூட்டிப்போகிறேன். ஒரு வரி எழுது, போதும்.

உன் லிஃப்ட்

—

மே 17

அன்புள்ள உங்களுக்கு,

ரிப்பன் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததிலிருந்து இரண்டு நாளாக என் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது. ரிப்பன் தீரவில்லை. பொய் சொன்னேன். சாவியை அழுத்த விரலில் பலம் இல்லை, அதுதான். கடைகடையாய் ஏறி இறங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பிறகும் பொய்யைக் கட்டிக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

கார் இல்லீங்க. பாவம் அந்தக் கார், அதன் மேல் பழியைப் போடாதீர்கள். எனக்கு இரைப்பையில் கட்டி. இங்கே வந்த மூன்றாவது மாதம் தெரிந்தது. அக்டோபரில் ஆபரேஷன் செய்தார்கள். ஜனவரியில் மறுபடி திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். என் எடை ஐம்பத்தாறு இல்லை. நேற்று பார்த்தேன், நாற்பத்தொன்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் கோபம். வாயு என்றாரே, தானே தெரிந்துகொண்டு வரட்டும் என்று வீம்பு. பிறகு பயம். உங்களிடம் சொன்னால் எந்த நட்டு லூஸ் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு இனி இறுக்க ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த மார்ச் கடிதம் வந்தது. என் வயிற்று வலிக்கு ஒரு மனிதர் கார் அடியில் படுத்து மருந்து தேடுகிறார். அதைப் படித்துவிட்டுத்தான் அக்கா அழுதாள். நான் சிரித்தேன். இத்தனை வருடத்தில் எனக்காக நீங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான், அதைப் போய் தப்பு என்று எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும் மனதில் வைக்காதீர்கள். நீங்கள் வாயு என்றபோது நானும் வாயு என்றுதான் நினைத்தேன். முதலில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. சமையலறை ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார வேண்டும். வேறொன்றும் இல்லை. ஆனால் உங்கள் விறைப்பு ஸ்பிரிங்கில் வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்ஸி ஒரு மேட்டில் ஏறி இறங்கினாலே உயிர் போய் உயிர் வருகிறது.

உங்கள் டீச்சர்

—

மே 22

டீச்சர்,

கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. ஷெட்டில் போய் உன் சீட்டிலிருந்து மூட்டையை இறக்கி, அவிழ்த்து, பதினைந்து கிலோ மணலை அள்ளி வெளியே கொட்டினேன். வாளியில் கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது. பதினைந்து கிலோ என்றால் அவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் இடுப்பில் வைத்துக்கொள்ள முடிகிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சைலன்சர் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் அந்த வார்த்தை போதவில்லை. வலிக்குது என்று நீ எத்தனை நாள் சொன்னாய். சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் கூண்டுக்கு மேலே ஏறிப் படுத்து மணிக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்கிறவன் நான். உன்னை அப்படி ஒரு நாள் கேட்கவில்லை.

நீ வீட்டுக்கு வருகிறாய். அதே காரில். பழைய ஸ்பிரிங் நான்கும் சுவரில்தான் தொங்குகின்றன. அவற்றைத் திரும்பப் போடுகிறேன். பழையது பஞ்சு மாதிரி. சாயும், ஆனால் குலுக்காது. நான் வளைவில் இருபதிலேயே போகிறேன்.

லிஃப்ட்

—

மே 29

அன்புள்ள உங்களுக்கு,

அழாதீர்கள். உங்களுக்கு அழத் தெரியாது, மூக்கடைத்துக்கொண்டு ஒரு வாரம் தும்முவீர்கள்.

ஒன்று சொன்னால் கேட்பீர்களா? பஸ்ஸில் வாருங்கள். காலையில் ஏறினால் சாயங்காலம் இங்கே இருப்பீர்கள். கார் பிறகு வரட்டும். முதலில் நீங்கள் வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள். பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் காட்டுகிறேன். அத்தான் ஒன்றும் சொல்லமாட்டார். நேற்று அவரே அக்காவிடம், "அந்தாளை வரச் சொல்லேன்" என்றார்.

டாக்டர் தேதி எதுவும் சொல்வதில்லை. அக்கா கேட்டால் ஃபைலைப் புரட்டுகிறார்.

டீச்சர்

—

ஜூன் 4

என் அன்பு டீச்சருக்கு,

பஸ்ஸில் வருவது பெரிய காரியமில்லை. வந்தால் உன்னை எதில் கூட்டிவருவது? திரும்ப இங்கே வந்து, காரை முடித்து, மறுபடி வர வேண்டும். இரண்டு நடை. அதற்குப் பதிலாக ஒரே நடையாக வந்து, உன்னை ஏற்றிக்கொண்டு நேராக வீடு. நீ ஸ்டூலில் உட்காரலாம். ஸ்டூலுக்கு முதுகுச் சாய்வு வைத்து, மெத்தை போட்டுவிட்டேன். வாசல் பள்ளத்தையும் பூசி மெழுகிவிட்டேன், ஒரு குலுக்கல் இருக்காது. வாடகைக் கார் வேண்டாம். அவன் பள்ளம் பார்த்து ஓட்டமாட்டான். அடுத்த சவாரியைப் பார்த்து ஓட்டுவான்.

இன்னொன்றும் சொல்கிறேன். வெறுங்கையோடு வந்து உன் முன்னால் நிற்க எனக்கு முகம் இல்லை. எதையாவது ஒன்றைச் சரியாகச் செய்து முடித்துக்கொண்டு வருகிறேன்.

முன்பக்கம் பழைய ஸ்பிரிங் போட்டாயிற்று. மார்ச்சில் அந்தரத்தில் இறுக்கினேனே, அந்த ரப்பர் கிழிந்துவிட்டது. தாங்கும் என்று விட்டது தாங்கவில்லை. அதோடு ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்று இடிக்கும், அந்த இடி நேராக உன் வயிற்றுக்கு வரும். புது ரப்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கொள்.

எல்லார் லிஃப்ட்டையும் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். யார் அழைத்தாலும் போகமாட்டேன், ஃபோனையே எடுப்பதில்லை.

உன் லிஃப்ட்

—

ஜூன் 11

உங்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறாள். எழுத்து நன்றாக இருக்கும், பொறாமைப்படாதீர்கள்.

வாருங்கள். இது கிடைத்தவுடன் கிளம்புங்கள். பஸ், ரயில், லாரி, எதிலாவது. நான் உங்களைக் கேட்டேன். நீங்கள் காரைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீடு வேண்டாம். ஸ்டூல் வேண்டாம். இங்கேயே போதும்.

அந்த மூட்டையை எடுத்துவிடுங்கள். அது என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் என்னோடு இருப்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கோபமாக வருகிறது. இந்த நிலைமையிலும் மணல் மூட்டை மேல் பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் பதில் போடுங்கள். இந்த ஒரு தடவை தாமதம் வேண்டாம்.

டீச்சர்

—

ஜூன் 12

டீச்சருக்கு,

ரப்பர் வந்துவிட்டது! மாட்டியும் ஆயிற்று, பின்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கும் போட்டாயிற்று. இந்த முறை சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறிய பிறகுதான் இறுக்கினேன். நீ நாற்பத்தொன்று, நான் எழுபத்திரண்டு. என் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, அதனால் என் பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று கொடுத்தேன். இப்போது நாம் இருவரும் உட்கார்ந்தால் கார் தராசு முள் மாதிரி நேராக நிற்கிறது. உடைந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், உன் சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை நிறைய வைத்து. சிந்தியது நாலு சொட்டு.

நாளை உன் சீட்டுக்குத் தைத்து வாங்கிய மெத்தை உறையை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. நாளை மறுநாள், சனிக்கிழமை, விடிந்ததும் கிளம்புகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்பேன். மூட்டையை அக்கா வீட்டு வாசல்வரை கொண்டுவருகிறேன், அங்கே இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் உன்னை உட்கார வைக்கிறேன்.

நீல நிறப் புடவை அங்கே இருந்தால் கட்டிக்கொள். உறையும் நீலம்தான்.

உன் லிஃப்ட்

—

ஜூலை 3

டீச்சர்,

உன் ஜூன் பதினோராம் தேதிக் கடிதம் சனிக்கிழமை பகலில் வந்திருக்கிறது. நான் காலையிலேயே கிளம்பிவிட்டேன். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது கேட்டுக்கு அடியில் மண்ணோடு கிடந்தது. பதில் போடவில்லை என்று நீ எப்போதும் குறை சொல்வாய். இதற்காவது போட்டுவிட வேண்டும் என்று இத்தனை நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோகிறேன்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்தேன். வழியில் ஒரு பள்ளத்தில்கூட விடவில்லை. உன்னை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். அதனால்தான் ஒரு மணி ஆயிற்று. இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கே வந்திருப்பேன். அதில் ஒன்றும் வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரியும்.

வாசலில் நிறையச் செருப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தும் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அத்தான்தான் வந்து கதவைத் திறந்தார். "நேத்து மூணு மணிக்கு" என்றார். பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தார். நீல உறை, அதன்மேல் பெல்ட் போட்ட மூட்டை. "இது என்ன?" என்றார். "அவளோட எடைங்க" என்றேன். அந்த மனிதர் அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உறையின் கொக்கி ஒன்று சரியாக மாட்டவில்லை. அதைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஃபோன் விடாமல் அடித்தது, எவன் லிஃப்ட்டோ நின்றுவிட்டது என்று எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்திருந்தால் ஒன்பது நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எண்ணிப் பார்த்துவிட்டேன், முழுசாக ஒன்பது. கடைசிவரை படிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தாய் என்று அக்கா சொன்னாள். என்னை நோகடிக்கச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

திங்கட்கிழமை அக்கா வீட்டுக்குப் போஸ்ட்மேன் வந்தார். பன்னிரண்டாம் தேதி நான் போட்ட கடிதம். என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். ரப்பர் வந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்! அதை எழுதின ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

'ழ'வைச் சரி பண்ணிவிட்டேன். அத்தான் வேண்டாம் என்றார், இருந்தும் செய்தேன். கம்பி கொஞ்சம் வளைந்திருந்தது, வேறொன்றும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை.

மூட்டையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். முதலில் எடுக்க மனசு வரவில்லை. அதோடேதான் திரும்பி வந்தேன், அதோடேதான் இரண்டு வாரம் ஓட்டினேன். உன் கடிதத்தை நேற்றுத்தான் முழுசாக, எழுந்து போகாமல் படித்தேன். உடனே ஷெட்டுக்குப் போய் எடுத்துவிட்டேன். மணலை வாசலில் கொட்டிப் பரப்பிவிட்டேன், பையை மடித்து வைத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

நம் இருவர் எடைக்கும் சேர்த்துச் சரி பண்ணிய கார் இல்லையா, நான் மட்டும் உட்கார்ந்தால் என் பக்கம் சாய்கிறது. ஸ்டியரிங்கும் கொஞ்சம் இழுக்கிறது. சைலன்சர் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்திடலாம், அரை நாள் வேலைதான்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாய்ந்தபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்
லிஃப்ட்